மூன்று கையெழுத்து நோட்டு

செய்தி வந்தபோது மணி மூன்று நாற்பது. செவ்வாய்க்கிழமை. ஆலத்தியூர் சிமெண்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் கலைச்செல்வன் அரைத்த சுண்ணாம்புக்கல் தூளை எடை போட்டுக்கொண்டிருந்தான். தராசின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு எண் நிற்பதற்காகக் காத்திருந்த நேரத்தில் கைபேசி அதிர்ந்தது. தெரியாத எண்.

"அரியலூர் கலைச்செல்வன் சாருங்களா?"

"ஆமா, சொல்லுங்க."

"நான் லெப்பைக்குடிக்காட்டுலேர்ந்து அஸ்லாம் பேசறேன். ஜரீனா மேடத்தோட தம்பி. அக்கா போன்ல 'வியாழன்'னு போட்டு எட்டுப் பேரு நம்பர் இருக்கு. ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டு வரேன். வர்ற வியாழக்கிழமை யாரும் அரியலூர் ரூமுக்கு வர வேணாம்."

"ஏங்க, மேடத்துக்கு ஒடம்பு சரியில்லையா?"

அந்தப் பக்கம் யாரோ அழும் சத்தம் கேட்டது. கதவைச் சாத்துகிற சத்தமும் கேட்டது.

"காலையில மவுத்தாயிட்டாங்க சார். நெஞ்சு வலிக்குதுன்னாங்க. பெரம்பலூர் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. பெரிய அண்ணன் துபாய்லேர்ந்து வரணும். நாளைக்கு மதியம் லுஹர் தொழுதுட்டு அடக்கம்."

அதற்குத் தான் என்ன பதில் சொன்னோம் என்பது கலைச்செல்வனுக்குப் பிறகு நினைவுக்கு வரவே இல்லை. தராசில் எண் நின்றிருந்தது. அதைக் குறிக்காமலே தூளைக் கொட்டினான். மறுபடி எடுத்து மறுபடி எடை போட்டான். இறந்தவரைப் பற்றிய நினைப்புக்கு முன்னால் அவனுக்கு வந்தது வேறொரு கேள்வி. இதைக் குட்டியிடம் யார் சொல்வது?

குட்டிக்கு ஏழு வயது. அவளுக்கென்று தனியாக ஓர் உடம்பு கிடையாது. கலைச்செல்வனின் மனைவி அனுசுயாவுக்கு முப்பத்தெட்டு வயது. அவளுக்குள்தான் குட்டி இருந்தாள். செல்வம்மாள் என்று இன்னொருத்தியும் இருந்தாள்.

கல்யாணமான புதிதில் இது எதுவும் அவனுக்குப் பிடிபடவில்லை. காலையில் அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிய, அனுசுயா பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பாள். கேட்டால், "நான் பால் வைக்கவே இல்லீங்களே" என்பாள். கருவாட்டு வாடையே ஆகாதவள் ஒருநாள் கருவாட்டுக் குழம்பு வைத்து, தட்டில் போட்டுக்கொண்டு சம்மணமிட்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். "என்னடா பாக்கற, உனக்கும் வேணுமா?" என்று புருஷனைப் பார்த்துக் கேட்டாள். வேறொரு நாள் சுவரோரம் ஒண்டிக்கொண்டு, "சார், இந்த வூட்டுல நீங்க யாரு?" என்றாள். வீட்டில் தையல் மிஷின் வைத்திருந்தாள். யாரோ கொடுத்த ரவிக்கைத் துணியில் சின்னப் பிள்ளைக்குச் சட்டை தைத்து வைத்திருப்பாள். எப்போது தைத்தாள் என்பது அவளுக்கே தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, துணியைத் தொலைத்துவிட்டதாகச் சொல்லித் திட்டு வாங்குவாள்.

மூன்றாம் வருடம் கலைச்செல்வன்தான் அவளை ஒரு கோயிலுக்கு அழைத்துக்கொண்டு போனான். வேதியியல் படித்தவன் என்பதெல்லாம் அன்றைக்கு உதவவில்லை. வேப்பிலைக் கொத்தாலும் அதற்குப் பிறகு பிரம்பாலும் அடித்து, "யாருடி நீ? பேரைச் சொல்லு, பேரைச் சொல்லு" என்று கேட்டார்கள். அடி தாங்காமல் வாயில் வந்த பெயரைச் சொன்னாள். எதிர்வீட்டில் இட்லி சுட்டு விற்றவளின் பெயர், செல்வம்மாள். உள்ளே இருந்தவளுக்கு அந்தப் பெயரே நின்றுவிட்டது. அந்த இட்லிக்கார அம்மாள் உயிரோடு நன்றாக இருந்ததை யாரும் யோசிக்கவில்லை. காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடியை அறுத்துப் புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார்கள். வந்தது போய்விட்டது என்றார்கள். அந்த இடத்தில் முடி சரியாக வளரவில்லை. அனுசுயா இன்றைக்கும் அதை மறைத்துத்தான் தலை சீவுகிறாள்.

அதற்கும் ஏழு வருடம் கழித்து ஒரு மனநல மருத்துவர் சொல்லி, ஜரீனா மேடத்திடம் போனார்கள். அவர் மருத்துவர் இல்லை. மனோதத்துவம் படித்த ஆலோசகர். ஐந்து நாள் பெரம்பலூரில் இருப்பார். வியாழக்கிழமை மட்டும் பஸ் ஏறி அரியலூருக்கு வந்து, ஒரு மருந்துக்கடை மாடியில் வாடகைக்கு எடுத்த அறையில் உட்காருவார். சர்க்கரை இல்லாத டீ. எப்போதும் ஒரே பழுப்பு நிறக் கைப்பை. அவருடைய ஊரில் ஆண்கள் பாதிப் பேர் வளைகுடாவில் இருந்தார்கள். "எங்க தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் யாராவது ஒருத்தருக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருப்பாங்க. கேக்க ஆளில்லாத பேச்சு வூட்டுக்கு வூடு மூட்டை மூட்டையாக் கெடக்கும். அதைக் கேக்கறதுக்கு ஒரு படிப்பு இருக்குன்னு திருச்சியில போய்த்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்று ஒருமுறை சொன்னார். சொந்தக் கதையாக அவர் சொன்னது அவ்வளவுதான்.

முதல் நாளே கலைச்செல்வன் கேட்டான். "மத்த ரெண்டு பேரையும் எப்ப மேடம் அனுப்புவீங்க?"

"எங்க அனுப்பறது? பஸ் ஏத்தியா?" என்றார் ஜரீனா.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவரே தொடர்ந்தார்.

"சார், நீங்க பஸ்ல வரும்போது எதையோ நெனச்சுக்கிட்டு உங்க ஸ்டாப்பைத் தாண்டிப் போயிருக்கீங்களா? நான் போன வாரம் வழியில பேரளி வந்து போனதே தெரியாம அரியலூர் வந்து முழிச்சேன். உடம்பு பஸ்ல, மனசு வேற எங்கயோ. அது எல்லாருக்கும் உள்ளதுதான். சின்னப் பிள்ளைக்குத் தாங்க முடியாதது நடக்கும்போது, உடம்பை விட்டு ஓட முடியாது. மனசு மட்டும் ஓடும். திரும்பத் திரும்ப நடந்தா திரும்பத் திரும்ப ஓடும். ஓடின எடத்துலயே ஒரு ஆளா நின்னுரும். வலியை ஒருத்தி வெச்சுக்குவா. காவலுக்கு ஒருத்தி நிப்பா. ஒண்ணுமே தெரியாம பள்ளிக்கூடம் போக ஒருத்தி வேணும்ல? அதான் உங்க வீட்டம்மா. மூணு பேரும் சேந்துதான் அந்தப் பிள்ளையை உசுரோட கொண்டாந்து உங்ககிட்ட சேத்திருக்காங்க. இதுல யாரை வெரட்டச் சொல்றீங்க?"

கலைச்செல்வன் புளியமரத்தைப் பற்றி அன்றைக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் சொன்னான். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

செய்ய வேண்டியதை அவர் நிதானமாகச் சொன்னார். முதலில் பத்திரம். கையைக் கிழித்துக்கொள்ளாமல், மாத்திரையை மொத்தமாக விழுங்காமல், நாள் நகர வேண்டும். பிறகு உள்ளே இருக்கிறவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கும் பிறகுதான், தாங்குகிற அளவு பார்த்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட வேண்டும். மூவரும் ஒருத்தியாவது கடைசி. "ஆகலாம், ஆகாமலும் போகலாம். சண்டையில்லாம ஒரே குடித்தனமா இருந்தா அதுவே பெருசு. வருஷக்கணக்கா ஆகும் சார். அவசரப்படுத்தினா மறுபடி ஓடிருவாங்க."

நோட்டு யோசனை கலைச்செல்வனுடைய வேலையிலிருந்து வந்தது. "உங்க லேப்ல மூணு ஷிப்ட்டுன்னீங்களே. ஒருத்தர் செஞ்சது அடுத்தவருக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

"லாக் புக் இருக்கு மேடம். ஷிப்ட் முடிக்கறவரு நடந்ததை எழுதணும். அடுத்து வர்றவரு படிச்சிட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் வேலையைத் தொடணும்."

"எழுதாம விட்டா?"

"சிமெண்ட்டுக்கு அரைச்ச கல்மாவு கெட்டுப்போவும். யாரு கெடுத்தான்னு தெரியாம எல்லாருக்கும் திட்டு விழும்."

ஜரீனா சிரித்தார். "நமக்கு அதேதான் வேணும்."

ஒரு நீள நோட்டில் கலைச்செல்வனே கோடு போட்டான். தேதி, எழுதியவர், விவரம். கடைசியில் படித்தவர் கையெழுத்துக்கு மூன்று கட்டம். முதல் ஆறு மாதம் அனுசுயாவின் எழுத்து மட்டும் இருந்தது. பிறகு ஒருநாள் கொட்டை எழுத்தில், 'கீரை அழுகல். நாளைக்கு அவனை நான் பாத்துக்கறேன். செ.' என்று இருந்தது. மறுநாள் கீரைக்காரர் வாசலில் நின்று, "நேத்து வந்த அக்கா இன்னிக்கும் வருவாங்களா?" என்று பயந்துகொண்டே கேட்டார். மேலும் ஒரு வருடம் போனபின் கோணலான பென்சில் எழுத்து வந்தது. 'செகப்பு நூல் நான் எடுத்தேன். பொம்மைக்கு. குட்டி.' அனுசுயா அதைப் படித்துவிட்டு நூல்பெட்டியைத் திறந்து பார்த்தாள். பிறகு அந்த வரிக்குக் கீழே, 'எடுத்துக்க. மஞ்சளும் இருக்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாள்கணக்கில் காணாமல் போன நேரம் மணிக்கணக்காகி, அரை மணி, கால் மணி என்று குறைந்தது. திடீரென்று நெஞ்சு படபடத்தால் கையில் பிடித்துக்கொள்ள ஒரு கல் வைத்திருந்தாள். சுண்ணாம்புக் குவாரியில் கலைச்செல்வன் பொறுக்கிவந்த கல், ஏதோ ஒரு பழைய கடல் உயிர் நத்தை போலச் சுருண்டு கல்லாகிப் போனது. அதன் வரிகளை விரலால் எண்ணிக்கொண்டே, "இது அரியலூர். என் வீடு. எனக்கு முப்பத்தெட்டு வயசு" என்று சொல்லிக்கொள்ள மேடம் பழக்கியிருந்தார்.

ஐந்து வருடம் இப்படிப் போனது. மேடம் இறப்பதற்கு முந்தைய மாதம்தான் குட்டியிடம் ஒரு விஷயத்தைச் சொன்னார்கள்.

அனுசுயாவின் அம்மா அவளுடைய ஏழாவது வயதில் இறந்துபோனாள். பிள்ளை தாங்காது என்று பெரியவர்கள் சாவுக்குக் கூட்டிப்போகாமல், மீன்சுருட்டியில் சொந்தக்காரர் வீட்டில் விட்டார்கள். "அம்மா ஊருக்குப் போயிருக்கா, வந்துருவா" என்றார்கள். அந்த வீட்டுக்கு வந்துபோன ஓர் ஆள் நான்கு வருடம் அந்தப் பிள்ளையைச் சீரழித்தான். வளர்ந்த அனுசுயாவுக்கு அம்மா இறந்தது தெரியும். குட்டிக்குத் தெரியாது. அம்மா வந்ததும் சொல்லலாம் என்று அவள் அத்தனையையும் பொத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஜரீனா அதைச் சொல்ல ஒன்றரை மாதம் ஆயத்தம் செய்தார். சொன்ன அன்று கலைச்செல்வனையும் அறையில் உட்கார வைத்தார்.

"எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டாள் குட்டி. அழவில்லை.

"தப்பு பண்ணிட்டாங்க. இனிமே ஒளிக்க மாட்டாங்க. இந்த நோட்டுல எழுதாம எதுவும் நடக்காது. சாரும் கையெழுத்துப் போடுவாரு, பாரு" என்றார் ஜரீனா.

கலைச்செல்வன் போட்டான்.

செவ்வாய்க்கிழமை மாலை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு நடந்தபோது இதெல்லாம் அவனுக்கு நினைவில் இருந்தது. இருந்தும், தையல் மிஷினிலிருந்து தலை நிமிர்த்தி, "என்னங்க, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று அனுசுயா கேட்டதும் வாயில் வேறு பேச்சு வந்தது.

"ஒண்ணுமில்ல. மேடத்துக்குச் சென்னையில டிரெயினிங்காம். இந்த வியாழன் கெடையாது."

"அப்படியா? போன வாரம் ஒண்ணும் சொல்லலையே."

"திடீர்னு கூப்பிட்டிருப்பாங்க. வந்துருவாங்க."

வீட்டில் பலவீனமான ஆளிடம் சாவைச் சொல்ல யாருக்கு வாய் வரும்? வெளியூரிலிருந்து மகனை வரவழைக்கக்கூட "அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸ்" என்றுதான் சொல்வார்கள். பிணம் கிடக்கிற தெருமுனைக்கு வந்து பந்தலைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரியும். கலைச்செல்வனும் அப்படித்தான் நினைத்தான். அடக்கம் முடியட்டும். ஒரு வாரம் போகட்டும். முதலில் மேடத்திடம் அனுப்பிய மருத்துவரைக் கேட்டுக்கொண்டு பக்குவமாகச் சொல்லலாம். நோட்டில் அன்றைக்கு ஒன்றும் எழுதவில்லை.

புதன்கிழமை வேலைக்குப் போவதுபோல டிபன் பாக்ஸோடு புறப்பட்டு, பஸ் மாறி லெப்பைக்குடிக்காடு போனான். தெருவில் நாற்காலி போட்டிருந்தார்கள். தலையில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு ஆண்களோடு உட்கார்ந்தான். உள்ளே பெண்கள் மட்டும். உடலைத் தொழுகைக்கு எடுத்துக்கொண்டு போனபோது பின்னாலேயே நடந்தான். மூடிய சந்தூக்குப் பெட்டியின் பச்சைத் துணியைப் பார்த்ததுதான். மூன்று பிடி மண் போட்டான். கையைத் தட்டிவிட மனம் வராமல் அப்படியே நின்றான்.

திரும்பும்போது அஸ்லாமின் மனைவி ஆஃப்ரா வாசல் திரைக்குப் பக்கத்தில் நின்று தண்ணீர் கொடுத்தனுப்பினாள். கண்கள் வீங்கியிருந்தன. "வியாழக்கிழமைக்கு வர்றவங்களா நீங்க? யாரு என்னன்னு அக்கா ஒருநாளும் சொன்னதில்ல. நாங்களும் கேக்கறதில்ல. வூட்டுலேர்ந்து பொம்பளைங்க யாரும் வரலீங்களா?"

"இல்லம்மா. சொல்லல."

"வந்திருந்தா உள்ளார உக்காந்து மொகம் பாத்திருக்கலாமே. தூங்கற மாதிரிதான் இருந்தாங்க."

அந்தத் தண்ணீரைக் கலைச்செல்வனால் முழுக்கக் குடிக்க முடியவில்லை. தான் பார்க்க முடியாத முகத்தை அனுசுயா பார்த்திருக்க முடியும். அதை அவளிடமிருந்து பறித்தது அவன்தான். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தான். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், ஒரு நிறுத்தம் திரும்ப நடந்தான்.

வியாழக்கிழமை அனுசுயா வழக்கம்போல எழுந்தாள். வழக்கம்போலத் தலை சீவினாள். பத்து மணிக்கு எங்கும் போகவேண்டியதில்லை என்று நினைவு வந்து, மிஷினுக்குப் போனாள். சாயங்காலம் நோட்டில் பென்சில் எழுத்து இருந்தது. 'மேடம் எப்ப வருவாங்க?' கலைச்செல்வன் அதைப் பார்த்தான். மூடி வைத்தான்.

சனிக்கிழமை அவனுக்கு விடுமுறை. வெளியே போய்விட்டு வந்தபோது சமையலறையில் கருவாட்டு வாடை. செல்வம்மாள் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே நோட்டு விரித்தபடி கிடந்தது.

"டேய் லேப்புக்காரா. உக்காரு."

உட்கார்ந்தான்.

"புதன்கெழம எங்கடா போன?"

"ஷிப்ட்டுக்கு."

"எந்த ஷிப்ட்டு? உங்க கம்பெனி பஸ்ஸு தெருமுனையில நின்னு ஆரன் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டுப் போச்சு. மேல் வூட்டுக்காரன் எட்டிப் பாத்துக் கேக்குறான், உங்க வூட்டுக்காரரு இன்னும் எழுந்திரிக்கலையான்னு. பொய் சொல்லப் போறவன் டிரைவர்கிட்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாது? இதுக்கு ஒரு பட்டம் வேற."

கலைச்செல்வன் நோட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

"பேண்ட்டுல செம்மண்ணு. கைக்குட்டையில ஊதுவத்தி வாசம். எத்தன சாவு பாத்திருக்கேன் நான்? அந்தம்மா போயிருச்சு, இல்ல?"

"ஆமா."

செல்வம்மாள் தட்டைத் தள்ளி வைத்தாள். "அந்தப் புளியமரத்துல என்னை அடிச்சப்பக்கூட உன்ன நான் இவ்வளவு திட்டல. நீ பயந்த ஆளுன்னு விட்டேன். உள்ள அவ மூணு நாளாக் கதவோரமா உக்காந்திருக்கா. எங்கம்மாவும் இந்த டிரெயினிங்குதான் போனாங்களான்னு கேக்குறா. நான் என்னன்னுடா சொல்லுவேன்?"

'வந்துருவாங்க.' தான் செவ்வாய்க்கிழமை சொன்ன சொல் அப்போதுதான் கலைச்செல்வனின் காதில் விழுந்தது. முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால் மீன்சுருட்டி வீட்டில் யாரோ சொன்ன அதே சொல்.

"எழுது" என்றாள் செல்வம்மாள். "பேனாவுல எழுது. பென்சில்ல எழுதாத."

எழுதினான். 'செவ்வாய்க்கிழமை காலை ஜரீனா மேடம் நெஞ்சுவலியால் இறந்துவிட்டார். புதன்கிழமை லெப்பைக்குடிக்காட்டில் அடக்கம் செய்தார்கள். நான் போயிருந்தேன். டிரெயினிங் என்று சொன்னது பொய். மேடம் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. சொல்லாமல் இருந்தது என் தவறு. கலைச்செல்வன்.'

செல்வம்மாள் எழுத்துக் கூட்டிப் படித்து, முதல் கட்டத்தில் கொட்டை எழுத்தில் 'செ' என்று போட்டாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். தலை நிமிர்ந்தபோது அனுசுயா. கருவாட்டுத் தட்டைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். நோட்டைப் பார்த்தாள். படித்தாள். இன்னொருமுறை படித்தாள்.

"மொகம் பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"ஆம்பளைங்களை விட மாட்டாங்க அனு."

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கல் நத்தையை எடுத்துக் கையில் இறுக்கிக்கொண்டு, இரண்டாவது கட்டத்தில் கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் அழுதாள். அழுவது அனுசுயாதானா என்று கலைச்செல்வன் முன்பெல்லாம் பார்ப்பான். அன்றைக்குப் பார்க்கவில்லை.

அடுத்த வாரம் இருவருமாக லெப்பைக்குடிக்காடு போனார்கள். ஆஃப்ரா அனுசுயாவை உள்ளே அழைத்துக்கொண்டு போய் மேடத்தின் கட்டிலில் உட்கார வைத்தாள். யார் என்ன என்று அவளும் கேட்கவில்லை. பழுப்புக் கைப்பை ஆணியில் தொங்கியது. ஜரீனாவின் கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முடிந்துபோனது, அதற்குப் பிறகு அவர் தம்பி வீட்டில் இந்த ஓர் அறையில் இருபது வருடம் இருந்தது, தினமும் ஐந்தரை மணிக்கு முதல் பஸ் பிடித்தது, பஸ்ஸில் தூங்கிப்போகிற பழக்கம், வெள்ளிக்கிழமை மட்டும் ஆஃப்ராவின் பிள்ளைகளுக்கு அவரே தலை பின்னிவிட்டது என்று ஆஃப்ரா சொல்லிக்கொண்டே போனாள். இறந்த பிறகுதான் அனுசுயாவுக்கு மேடத்தைத் தெரிய வந்தது. ஐந்து வருடம் அவர் இவர்களைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறார்.

இப்போது வியாழக்கிழமைகளில் அந்த மருந்துக்கடை மாடிக்கு வினோதினி என்ற பெண் வருகிறாள். ஜரீனாவிடம் பயிற்சி பெற்றவள். முதல் நாளே நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "குட்டி அவளா வர்ற வரைக்கும் யாரும் கூப்பிட வேணாம். தெனமும் நோட்டை மட்டும் தெறந்து வைங்க" என்றாள். அனுசுயாவுக்கு மறுபடி சில நாள் அரை மணி, முக்கால் மணி நேரம் காணாமல் போகிறது. அந்த நேரத்தில் வந்து போவது செல்வம்மாள்தான். அவளும் முன்போலத் திட்டுவதில்லை. சோர்ந்துபோய், "இன்னும் கதவோரமாத்தான் இருக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறாள். செகப்பு நூல்கண்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

கலைச்செல்வன் காலையில் ஷிப்ட்டுக்குப் புறப்படும் முன் மேடம் இறந்ததை எழுதிய பக்கத்தை விரித்து, கூர் சீவிய பென்சிலை அதன்மேல் வைத்துவிட்டுப் போகிறான். மாலையில் வந்து பார்க்கிறான். இது நான்காவது மாதம். அந்த வரிக்கு நேரே இரண்டு கையெழுத்து இருக்கிறது. மூன்றாவது கட்டம் காலியாக இருக்கிறது.